பிரீசுலாந்தின் நீர்வழிகளில்

ஒல்லாந்தர் என்றதும் நம் நினைவுக்கு வருவன யாழ்ப்பாணக் கோட்டையும், கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் நோக்கிச் செல்லும் கால்வாயும் ஆகும். அலுவலகத்தைக் 'கந்தோர்' என்கின்றோம். கறிக்கு ஆகும் ஒரு காயைப் 'போஞ்சி' என்கின்றோம். கையில் காசில்லாதவனைத் 'துட்டில்லாதவன்' என்கின்றோம். இவையெல்லாம் அவர்கள் நம்மிடம் விட்டுச் சென்ற சொற்களே. அந்த மக்கள் தம் சொந்த நாட்டிலே நீரோடு எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைக் காணும் வாய்ப்பு 2014 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் எனக்குக் கிட்டியது. அங்கே குடியேறி வாழும் என் அத்தானும் நானும் சிறிய பாய்ப்படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, பிரீசுலாந்து மாகாணத்தின் ஏரிகளிலும் கால்வாய்களிலும் ஒரு வாரம் உலாவினோம். அந்த வாரத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

பிரீசுலாந்து, நெதர்லாந்தின் வடபுறத்தே உள்ளது. நம் மலைநாட்டுப் பண்ணைகளில் காணும் கறுப்பும் வெள்ளையுமான பிரீசியன் பசுவுக்குப் பெயர் தந்த நாடு அதுவே. அங்குள்ளோர் ஒல்லாந்த மொழியோடு தமக்கென்று பிரீசிய மொழியையும் பேணி வருகின்றனர். நிலம் தட்டையானது. எரிபொருளுக்காக முன்னோர் கரிமண்ணை வெட்டி எடுத்த பள்ளங்கள் பல, நாளடைவில் நீர் நிறைந்து ஏரிகளாயின. ஏரிகளையும் ஊர்களையும் கால்வாய்கள் இணைக்கின்றன. அங்குள்ள நீர்மட்டம் கடல்மட்டத்துக்குச் சுமார் அரை மீற்றர் கீழே இருப்பதால், மிகும் நீரை இடையறாது வெளியேற்ற வேண்டும். லெம்மர் என்னும் ஊரில் 1920 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நீராவி இயந்திர நிலையம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 4000 கன மீற்றர் நீரை இறைக்க வல்லது. வெள்ளம் மிகுந்த நாட்களில் இன்றும் அதனை இயக்குகின்றனர். ஆகவே, அங்கே மிதக்கும் ஒவ்வொரு படகின் அடியிலும் உள்ள நீர், பலருடைய உழைப்பினால் அந்த அளவில் நிற்கும் நீர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஸ்னேக் என்னும் பட்டினத்திலிருந்து புறப்பட்டோம். 1613 ஆம் ஆண்டில் எழுந்த இரட்டைக் கோபுர நீர்வாயில் அங்கே இன்றும் கம்பீரமாக நிற்கின்றது. அங்கிருந்து, பனிச்சறுக்குக் கட்டைகள் செய்து பேர்பெற்ற ஐல்ஸ்ட் வழியாக ஹேஹ் என்னும் சிற்றூரை அடைந்தோம். ஒரு காலத்தில் இச்சிற்றூர் மாலுமிகள் உயிருள்ள விலாங்கு மீன்களைக் கப்பலில் ஏற்றி, கடல் கடந்து இலண்டன் மாநகர்வரை கொண்டுசென்று விற்றனர்.

வழியிலே பாலங்கள் குறுக்கிடுகின்றன. பாய்மரம் உயர்ந்த படகு வந்தால், பாலம் காப்பவர் வாகனங்களை நிறுத்திப் பாலத்தை உயர்த்துவார். சிவப்பு விளக்கோடு பச்சையும் எரிந்தால் திறக்கப் போகின்றார் என்பது பொருள்; ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்குகள் எரிந்தால் இப்போது பாலம் இயங்காது என்பது பொருள். ஒரு சிற்றூரின் பாலத்தை நாங்கள் அணுகியபோது இரண்டு சிவப்பு எரிந்தது. பாலகருக்கு மதிய உணவு நேரமாம். கரையில் படகைக் கட்டிக் காத்திருந்தோம். சொன்ன நேரம் பிசகாது அவர் திரும்பி வந்தார், பாலம் எழுந்தது. நாங்கள் கடக்கும்போது, தூண்டில் போன்ற கோலின் நுனியில் கயிற்றில் தொங்கும் மரச் சப்பாத்து ஒன்றை எங்கள் தலைக்கு நேரே நீட்டினார். பாலக் காசை அதனுள் இட வேண்டும். இட்டோம். அவர் ஏதோ கூறிச் சிரித்தார். "காத்திருந்ததற்கு நன்றி, நல்ல சோறு தின்றேன் என்கின்றார்" என அத்தான் மொழிபெயர்த்தார்.

அங்கே மற்றொரு வழக்கமும் உண்டு. எதிரே வரும் படகு எதுவாயினும், அதிலுள்ளவர் கையை உயர்த்துவார். நாமும் உயர்த்த வேண்டும். முதல் நாள் எனக்கு அது எளிதாக வரவில்லை. ஏன் என்பதைச் சொல்லுகின்றேன். 1993 ஆம் ஆண்டில், சிறுவனாகிய நான் என் தாயாருடன் கிளாலிக் கடல்நீரேரியை இரவிலே கடந்தேன். போர்க் காலத்தில் தரைவழி அடைபட்டிருந்தமையால், மக்கள் அவ்வழியே சென்றனர். சென்று மீளாதாரும் பலர். விளக்கில்லை; பேச்சில்லை. வேறொரு படகின் ஒலி கேட்டால் குனிந்து மூச்சையும் அடக்குவோம். நீர்மேல் எதிர்ப்படும் படகு அச்சத்துக்குரியது என்பதே நான் கற்ற முதற் பாடம்.

மூன்றாம் நாள் ஸ்லோட்டர் ஏரியில் சென்றுகொண்டிருந்தோம். காற்று தென்மேற்கிலிருந்து வீசிற்று. நம் ஊர்ச் சோளகத்தைப் போன்ற காற்று. நீரேரிக் கரையில் வளர்ந்தவன் என்ற செருக்கினால் சுக்கானை நான் பிடித்தேன். வழியைக் காட்டும் மிதவைகளுக்கு வெளியேயும் நீர் பரந்து கிடந்தது. அது ஆழமென்று எண்ணிப் படகைத் திருப்பினேன். சிறிது தூரத்திலே அடிக்கட்டை சேற்றில் புதைந்தது. கம்பை ஊன்றித் தள்ளினோம், கம்புதான் புதைந்தது. "நீரேரிப் பிள்ளைக்கு நீரின் ஆழம் தெரியவில்லையோ?" என்றார் அத்தான்.

அப்போது ஒரு பழைய தட்டையடிப் படகு எங்களை நோக்கி வந்தது. இருபுறமும் சிறகுகள்போல் பலகைகளைத் தொங்கவிட்ட, ஆழங்குறைந்த நீருக்கென்றே அமைந்த படகு அது. அதனை ஒரு முதியவரும் அவர் மனைவியாரும் செலுத்தினர். எங்கள் கயிற்றை வாங்கிக்கொண்ட முதியவர், எங்களிருவரையும் ஒரே பக்கத்து விளிம்பில் அமருமாறு கையால் காட்டினார். படகு சரிந்தது, அடிக்கட்டை சேற்றினின்று உயர்ந்தது, அவர் மெல்ல இழுத்தார். சிறிது பொழுதில் ஆழத்துக்கு வந்துவிட்டோம்.

அன்று மாலை, யாரும் கட்டணமின்றிப் படகு கட்டுதற்கென அமைந்த ஒரு கரையில் அவர்களோடு தங்கினோம். அம்மையார் காப்பியும் சர்க்கரைக் கட்டிகள் இட்ட பாணும் தந்தார். பாணிலே கறுவா மணத்தது. எங்கள் தீவின் கறுவாவுக்காகவே உங்கள் முன்னோர் எங்களிடம் கால்வாய் வெட்டினர் என்றேன், இருவரும் நகைத்தனர். உங்கள் ஊரிலும் இத்தகைய ஏரிகள் உண்டோ என்று முதியவர் வினவினார். கிளாலியைப் பற்றிச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

பின்பு தம் கதையைச் சொன்னார். அவர் பிறந்தது ஆம்ஸ்டர்டாம் நகரில். ஜெர்மானியர் ஆட்சியின்கீழ் 1944–45 குளிர்காலத்தில் மேற்குப் பகுதி நகரங்களில் பெரும் பஞ்சம் நேர்ந்தது. நகரத்துக் குழந்தைகள் பலரைப் பிரீசுலாந்துப் பண்ணைகளுக்கு அனுப்பினர். ஆறு வயதுச் சிறுவராகிய அவரும் படகின் அடித்தளத்து இருளில் கிடந்து ஐசல் ஏரியைக் கடந்தார். கரையில் முன்பின் அறியாத குடியானவர் ஒருவர் வண்டியோடு நின்றார். பாலும் பாணும் தந்தார். போர் முடிந்ததும் நகருக்குத் திரும்பினாலும், வளர்ந்தபின் அந்த ஏரிக்கரைக்கே வாழ வந்துவிட்டாராம். "சேற்றில் நின்ற உங்களைக் கண்டபோது, எனக்கு இன்னும் கொஞ்சம் கடன் மீதியிருந்தது" என்றார். எவ்வளவு வற்புறுத்தியும் கைம்மாறாக எதையும் அவர் ஏற்கவில்லை.

நேயர்களே, அந்நாட்டு மக்கள் இயல்பாகவே நல்லவர், நாம் அல்லோம் என்று நான் கூற வரவில்லை. அங்கும் நீர் அச்சத்துக்குரியதாய் இருந்த காலமுண்டு. அச்சம் நீங்கியபின், மிதவையிட்டும் பாலங்காத்தும் கரையமைத்தும் அந்நீரை எல்லார்க்கும் பொதுவாக்கினர். அவ்வாறு பொதுவான நீரிலேதான் அந்நியனைக் கண்டு கையை உயர்த்த மனம் வருகின்றது.

ஊர் திரும்பியபின் ஒருநாள் கிளாலிக் கரைக்குச் சென்றேன். சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டுவிட்டது. அந்த இரவுப் பயணம் இனி எவர்க்கும் வேண்டுவதில்லை. சற்றுத் தொலைவில் ஒரு மீனவர் தோணியில் சென்றார். வழக்கமாகிவிட்டபடியால், அறியாமலே கையை உயர்த்தினேன். ஏதோ உதவி வேண்டி அழைக்கின்றேன் என்று எண்ணி, அவர் தோணியைத் திருப்பிக் கரைக்கு வந்துவிட்டார். "ஒன்றுமில்லை ஐயா, வணக்கம் சொன்னேன்" என்றேன். அவர் சிரித்தார். பின்பு தோணியைக் கட்டிவிட்டுக் கரையில் அமர்ந்தார். பொழுது சாயும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.