கட்டிட வேலையும் கையெழுத்தும்

(ரிஷிவந்தியத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இவ்வூர் அர்த்தநாரீசுவரர் கோயிலை நாடோறும் கண்டு வணங்குகின்றோம். கல்லின்மேற் கல் வைத்தோர் உழைப்பு அங்கே நிலைத்து நிற்கின்றது. ஆனால் கட்டினவனுக்குச் சேரவேண்டிய பொருள் சேராதொழியின் அவன் யாது செய்வது? அதுகுறித்தே இன்று சில சொல்ல விழைகின்றோம்.

முதற்கண் நம் பிழையொன்றைச் சபையறியச் சொல்லிவிடுகின்றோம். நமக்கு மைத்துனர் முறையாகும் மேஸ்திரி ஒருவர், நம்மவர் ஒருவருக்கு மாடிவீடு கட்டிக் கொடுத்தார். இடையிற் கேட்ட அதிகப்படி வேலைகளையும் வாய்ச்சொல்லை நம்பியே முடித்தார். கடைசித் தவணைப் பணம் வரவில்லை. அவர் வக்கீலிடம் புறப்பட்டபோது, "மச்சான், உறவுக்குள் வழக்கென்ன? பொறுத்திரும்" என்று தடுத்தவர் நாமே. அவரும் பொறுத்தார். கொத்தனார்க்கும் சித்தாள்களுக்கும் கூலி கொடுக்க மனைவியின் நகைகளை விற்றார்.

பின்னர் வக்கீலைக் கண்டபோது அவர் கூறியது யாது? பணம் கொடுக்க நாள் குறியாவிடின், 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும், அக்கெடு கடந்துவிட்டது. கெடு தீருமுன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட சீட்டொன்று பெற்றிருந்தால், அன்றுமுதல் கெடு புதிதாகத் தொடங்கியிருக்கும். அதுவும் பெறவில்லை.

மத்தியஸ்தரிடம் போகலாகாதோ எனின், 1996-ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம் அதற்கும் எழுத்து மூலமான உடன்பாட்டையே கேட்கின்றது. மத்தியஸ்தர் தீர்ப்பளித்தாலும் வழக்கு முடிந்ததென்று எண்ணற்க. டில்லியில் திரிலோக்புரி என்னுமிடத்தில் அசோசியேட் பில்டர்ஸ் என்னும் கண்டிராக்டர்கள் 224 வீடுகள் கட்டினர். 9 மாத வேலை 34 மாதமாயிற்று. தாமதத்திற்குக் காரணம் வேலை கொடுத்த டில்லி அபிவிருத்தி ஸ்தாபனமே என்று வாதித்தனர். மத்தியஸ்தரும் ஒரு பகுதி பணம் கொடுக்கச் சொன்னார். அத்தீர்ப்பை ஹைக்கோர்ட்டின் இரு நீதிபதிகள் 2012-இல் தள்ளினர். 2014-இல் சுப்ரீம் கோர்ட்டே அதனை மீண்டும் நிலைநிறுத்திற்று. அத்தனை காலம் காத்திருக்கச் சிறு மேஸ்திரிக்கு வலியேது?

நம் பிள்ளைகள் பிழைக்கச் சென்றுள்ள சிங்கப்பூரில் 2004-இலும், மலேசியாவில் 2012-இலும், கட்டிடப் பணத்திற்கென்றே தனிச்சட்டம் செய்தனர். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய தகராற்றை நடுவர் பொதுவாக 28 நாளில் தீர்க்க வேண்டுமென்கின்றது. முதலிற் பணத்தைக் கொடு, பின்னர் வாதாடு என்பதே இவற்றின் கருத்து. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இன்னும் இல்லை. ஆதலின் நம்மை நாமே காத்துக்கொள்ளல் வேண்டும்.

அன்பர்களே! கடைக்கால் தோண்டுமுன் ஒப்பந்தம் எழுதுக. தவணைகளையும், அவை கொடுபடும் நாளையும், மத்தியஸ்தரை நியமிக்கும் முறையையும் அதிற் குறிக்க. அதிகப்படி வேலை ஒவ்வொன்றிற்கும் தனிச்சீட்டில் கையெழுத்துப் பெறுக. உறவினரிடம் கையெழுத்துக் கேட்டல் அவமதிப்பன்று. உறவு முறியாமற் காப்பதே அது. கேட்காமையால் நம் மைத்துனர் பணத்தையும் இழந்தார், அவ்வுறவையும் இழந்தார். நம் சங்கத்தார் நல்லதோர் ஒப்பந்தப் படிவம் அச்சிட்டு வீடுதோறும் வழங்குவாராக. அதற்காகும் செலவில் முதற்பங்கு நம்முடையதாகுக.