வெட்டியும் அழியாத காடு



ரயில்வே குடும்பங்கள் வாழும் பிரிக்பீல்ட்ஸில் மேடை ஏறிவிட்டு ரயிலைப் பற்றிப் பேசாமல் இறங்க முடியுமா? மலாயாவின் முதல் ரயில் எங்கே ஓடியது தெரியுமா? பேராக் கடலோரச் சதுப்புக் காட்டுக்கு! 1885 ஜூன் 1 அன்று, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, சுமார் 13 கிலோமீட்டர். லாருட் வட்டார ஈயத்தைக் கப்பலேற்றப் போட்ட பாதை. போட்டவர்கள், இலங்கையிலிருந்து வந்த பயனியர் படைத் தொழிலாளர்கள். துறைமுகத்துக்குக் கிடைத்ததோ கவர்னர் வெல்டின் பெயர்.

இன்று அந்த ஊர் கோலா செபெத்தாங். ரயிலும் இல்லை, ஈயமும் இல்லை. மரம் வெட்டும் தொழில் இன்னும் நிலைத்திருக்கிறது. பாக்காவ் என்னும் சதுப்பு மரத்தைக் கரியாக்கும் சூளைக்குள் போய்ப் பாருங்கள். கவிழ்த்த சட்டி போன்ற செங்கல் கூடு. பட்டை உரித்த கட்டைகளை உள்ளே நிமிர்த்தி அடுக்குகிறார்கள். வாரக்கணக்கில் அனல். வெளியே வரும் புகையை மோந்து பார்த்தே, உள்ளே மரம் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சூளைக்காரர் சொல்லிவிடுகிறார்.

அந்த மரம் வரும் மாத்தாங் சதுப்புக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டேர். நூறாண்டுக்கு மேலாக வெட்டுகிறார்கள், காடு அழியவில்லை. காரணம் கணக்கு! பதினைந்தாம் ஆண்டில் நாலடிக் கோலை வைத்து அளந்து, நெருங்கி நிற்கும் மரங்களைக் களைகிறார்கள். இருபதாம் ஆண்டில் ஆறடிக் கோல். முப்பதாம் ஆண்டில்தான் முழு வெட்டு. பிறகு மறுபடி கன்று. களைந்த கழிகள் கட்டடத்துக்கு அடிநிலைக் கட்டையாகப் போகின்றன.

பெருமக்களே! ஒரு மரத்துக்கு எத்தனை வயது என்று அந்தக் காட்டில் ஏடு சொல்லும். தண்டவாளம் போட்ட மனிதனின் பெயரை எந்த ஏடு சொல்லும்? போர்ட் வெல்ட் நிலையப் பலகை இன்றும் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. படிக்க வேண்டியவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அவர்கள் யார் யார்?

ஆகவே ஒன்று கேட்கிறேன். கிள்ளானிலும் செந்தூலிலும் இங்கேயும் ரயில்வே குடும்பங்கள் இருக்கின்றன. தாத்தா எந்தப் பாதையில், என்ன வேலை பார்த்தார், எந்தக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார் என்று பாட்டியிடம் கேட்டு இந்த வாரமே எழுதிவையுங்கள். காட்டுக்கு வைத்த கணக்கை நம் ஆட்களுக்கும் வைப்போம்!