அருளா, உரிமையா, கடனா?



விலங்குநலமும் விலங்குரிமையும் ஒன்றெனக் கருதுவார் பலர். ஒன்றல்ல. விலங்கைப் பயன்கொள்க, ஆயின் துன்புறுத்தற்க என்பது நலக்கொள்கை. விலங்கு மாந்தனின் பயன்பொருளே அன்று, தனக்கென வாழ்வுடைய உயிர் என்பது உரிமைக்கொள்கை. 1960-ஆம் ஆண்டின் இந்திய விலங்குக் கொடுமைத் தடுப்புச் சட்டம் முன்னதன் வழிப்பட்டது. அஃது உணவுக்காகக் கொல்லுதலையும் விலக்கவில்லை. தேவையற்ற துன்பத்தையே விலக்கிற்று. 1983-இல் அமெரிக்க மெய்யியலறிஞர் டாம் ரீகன் வெளியிட்ட நூல் பின்னதற்கு அரணாயிற்று. கூட்டை அகலப்படுத்தினாற் போதாது, கூடே கூடாது என்பர் அக்கொள்கையர்.

இவ்வேறுபாட்டை நம் பழங்கதைகள் இரண்டு தெளிவுறுத்தும். புறாவின் உயிர்க்கு ஈடாகத் தன் தசையை அரிந்து நிறைகோலில் இட்டான் செம்பியன். அஃது அருள். அருள், தருவோன் உள்ளத்தைப் பொறுத்தது. கன்றை இழந்த ஆவோ, சோழன் வாயிலின் மணியை இழுத்தது. அஃது இரக்கம் கேட்கவில்லை, முறை கேட்டது. அம்மன்றில் அந்த ஆவே வழக்காளி. அஃது உரிமை.

இனி, நம் ஏறுதழுவலுக்கு வருவோம். 2014 மே 7 அன்று உச்ச முறைமன்றம் அதனைத் தடைசெய்தது. விலங்குக்கும் மதிப்பொடு வாழும் உரிமை உண்டு என்னுமளவிற்கு அத்தீர்ப்புச் சென்றது. 2017 சனவரியில் நம் இளைஞர் சென்னைக் கடற்கரையில் கடலெனத் திரண்டனர். தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று ஐவர் அமர்வு, அத்திருத்தம் செல்லும் என்றது. விலங்குகட்கு அடிப்படையுரிமை வழங்கிய முன்தீர்ப்பு ஏதுமில்லை என்றும் கூறியது.

நாம் வென்றோம்; மகிழ்ந்தோம். ஆயின், வென்றது எவருரிமை? தமிழரின் பண்பாட்டுரிமை. ஏற்றின் உரிமை ஏட்டில் ஏறவில்லை. ஆதலின் அதன் காப்பு முழுவதும் நம் கையில் விடப்பட்டுள்ளது.

முற்றுரிமைக் கொள்கையை நான் ஏற்பவன் அல்லேன். அதனை இறுதிவரை கொண்டுசெலுத்தின், ஏரும் தொழுவமும் ஒழியும். உழவன் வளர்ப்பதனாலேயே வாழும் காங்கேயமும் புலிக்குளமும் அவற்றொடு மறையும். அதற்காக, காளையின் நலத்தை நம் அருளுக்கு விட்டுவிடுதலும் தகாது. அருள் இன்று சுரக்கும். ஆரவாரத்திடையே நாளை வற்றும். இரண்டிற்கும் இடையே தமிழில் நல்லதொரு சொல் உண்டு, அது கடன். கொண்டவன் கேளாவிடினும் கொடுத்தே தீரவேண்டுவது கடன்.

வாலெலும்பை முறித்தலும், கண்ணில் எரிபொடி தூவலும், வெறிநீர் புகட்டலும் அன்று வழக்குமன்றில் எடுத்துக்காட்டப்பட்டன. அவற்றைப் பகைவர் புனைவென்று தள்ளிவிடல் எளிது. அத்தகையது ஒன்றும் நம் வாடிவாயிலில் நிகழாவண்ணம் காத்தலே மானமுடையார் செயல். கால்நடை மருத்துவரின் ஆய்வைச் சடங்காக்காது நிறைவேற்றுக. காயமுற்ற காளையைக் களத்தினின்று உடனே அகற்றுக. விதி மீறுவான் நம் உறவினனேயாயினும் தடுத்து நிறுத்துக.

பண்பாட்டின் பெயரால் ஓர் உரிமையைப் பெற்ற இனம், அவ்வுரிமையால் வாய்பேசா உயிர்க்குத் தீங்கு விளையாமல் காத்தாலன்றிப் பண்பாடுடைய இனம் எனப்படாது எனக் கூறி அமைகின்றேன்.