பெயருக்கு முன்னால் ஓர் ஊர்



எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்ததில் உங்களில் பலருக்குத் தாமதம். தலைவருக்கும்தான், பொறுத்தருள்க.

பாட்டு கற்கும் பிள்ளைகளிடம் பேகடா வர்ணம் கேட்டால் தயங்காமல் பாடுவார்கள். இயற்றியவர் யார் என்றால் சிலர் வீணை குப்பய்யர் என்பார்கள். அவருக்கு எந்த ஊர் என்றால், தஞ்சாவூர்ப் பக்கம் என்று பதில் வரும். தியாகராஜரின் சீடர் காவிரிக்கரைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கைத் திருத்தத்தான் திருவொற்றியூரிலேயே கூடியிருக்கிறோம்.

குப்பய்யர் இந்த ஊர்க்காரர். 1798இல் பிறந்து 1860இல் மறைந்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தகப்பனார் சாம்பமூர்த்தி சாஸ்திரியும் வீணைக் கலைஞர். குப்பய்யர் முத்தியாலுப்பேட்டையில் வாழ்ந்தார்; கோவூர் சுந்தரேச முதலியாரின் ஆதரவு பெற்றவர். பாட்டில் அவர் வைத்த முத்திரை 'கோபாலதாச'. அதில் கண்ணன் இருக்கிறான், ஒற்றியூர் இல்லை. ஊர்ப்பற்றை முத்திரையில் தேடுகிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அதை அவர் வேறு விதமாகக் காட்டினார். ரயில் இல்லாத காலத்தில் திருவையாற்றிலிருந்து வந்திருந்த குருநாதரைத் தம் ஊர்க் கோயிலுக்கு அழைத்து வந்தார். வடிவுடையம்மன் சன்னிதியில் தியாகராஜர் நின்றதால் நமக்கு ஐந்து கிருதிகள் கிடைத்தன: கல்யாணி, ஆரபி, சாவேரி, சுத்தசாவேரி, பேகடா. திருவொற்றியூர்ப் பஞ்சரத்னம் என்கிறோம். அவற்றை இயற்றியது குரு. வழிகாட்டி அழைத்து வந்த சீடரின் பங்கை எந்தக் கச்சேரியிலும் யாரும் சொல்வதில்லை.

அதே தலைமுறையில் போலந்துக்காரர் ஷோப்பன் 1830இல் இருபது வயதில் வார்சாவை விட்டுப் போனார், திரும்பவில்லை. ஊர்ப்புறத்து மசுர்க்கா ஆட்டத்தைப் பாரிஸில் உட்கார்ந்து பியானோவுக்கு எழுதினார். 1849இல் இறந்தபின் உடல் பாரிஸில் தங்கியது. இதயத்தை மட்டும் தமக்கை வார்சாவுக்குக் கொண்டு போனார். அது இன்றும் அங்கே தேவாலயத் தூணுக்குள் இருக்கிறது. ஊரைப் பிரிந்தவருக்கு ஏக்கம் இசையானது. குப்பய்யருக்கு அந்த ஏக்கமே தேவைப்படவில்லை, நடந்தால் ஊர். ஊர்ப்பாசம் என்றால் பிரிவுத்துயர் என்றே எழுதிப் பழகிய நம் ஆய்வாளர்கள் இவரைக் கவனிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தெலுங்கில் பாடியவரை நம்மவர் என்பதா என்று நண்பர் ஒருவர் காலையில் கேட்டார். இதே ஒற்றியூரை முத்துசுவாமி தீட்சிதர் வடமொழியில் ஆரபி ராகத்தில் பாடினார். தியாகராஜர் தெலுங்கில் பாடினார். சென்னை ஏழுகிணற்றிலிருந்து வந்து வள்ளலார் தமிழில் வடிவுடை மாணிக்க மாலை பாடினார். எல்லாம் இரண்டு தலைமுறைக்குள். அம்மன் எந்த மொழிக்கும் கதவைச் சாத்தவில்லை.

மணலியைச் சொல்லாமல் விட முடியாது. இன்று சுத்திகரிப்பு ஆலையின் பெயராகிவிட்ட அந்த ஊரின் முதலியார்கள்தான் தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தார்கள். முத்துசுவாமியின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் வயலின் பயின்றது அவர்கள் ஏற்பாட்டில். கோட்டை பேண்டு மெட்டுகள் நோட்டுஸ்வரமானதும் அந்தச் சூழலில்தான். இப்பகுதியின் இசை வரலாற்றை மயிலாப்பூர் சபாக்களிலிருந்து தொடங்குகிறவர்கள் நூறு ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

குப்பய்யர் தம் மகனுக்கு வைத்த பெயர் தியாகய்யர். குருவின் பெயர் என்பார்கள். இக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் பெருமானும் தியாகராஜரே. ஒரே பெயரில் ஆசிரியரும் ஊர்ச்சாமியும் அமைந்தது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. மறுப்பவர்கள் நாளைய அமர்வில் மறுக்கலாம். 1845இல் பிறந்து 1917வரை வாழ்ந்த அந்த மகன்தான் பல்லவி ஸ்வரகல்பவல்லியை அச்சேற்றினார். தந்தையின் உருப்படிகள் பலவும் தப்பிப் பிழைத்தது அதனால். தகப்பனாரின் பெயருக்கு முன் வீணை நின்றது. மகன் பெயருக்கு முன்னால்தான் 'திருவொற்றியூர்' நிலைத்து நிற்கிறது.

முதல் அமர்வைத் தொடங்கும் மாணவியர் அந்தத் திருவொற்றியூர் தியாகய்யரின் சகானா வர்ணத்தைப் பாடுவார்கள். பாடுமுன் அவர் பெயரை ஊரோடு சேர்த்தே அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.