பிரெஞ்சிலும் ஒரு ‘போகிறேன்’



பிரெஞ்சு மொழி பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் எதிர்காலம் என்றாலே தயங்குவதுண்டு. ஆளுக்கு ஆள் விகுதி மாறுகிறது. சில வினைகளின் அடியே மாறிவிடுகிறது. ஆனால், அண்மை எதிர்காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

‘அலே’ என்றால் போதல். இதன் நிகழ்கால வடிவங்களை மட்டும் மனத்தில் பதித்தால் போதும். நான் என்றால் ‘வே’, நீ என்றால் ‘வா’, அவன், அவள் என்றாலும் ‘வா’, நாங்கள் என்றால் ‘அலோன்’, நீங்கள் என்றால் ‘அலே’, அவர்கள் என்றால் ‘வோன்’. அடுத்து வரும் வினை மாறவே மாறாது. ‘ஜ வே மாஞ்சே’ என்றால் ‘நான் சாப்பிடப் போகிறேன்’. மறுத்துச் சொல்ல, ‘ந’, ‘பா’ இரண்டும் ‘வே’க்கு இருபுறமும் நிற்கும்: ‘ஜ ந வே பா மாஞ்சே’.

கவனித்தீர்களா? ‘சாப்பிடப் போகிறேன்’ என்று தமிழில் சொல்பவரும் எங்கும் நடந்து போவதில்லை. போதல் இங்கே காலத்தைக் காட்டுகிறது. பிரெஞ்சும் அதையே செய்கிறது; சொல் வரிசைதான் தலைகீழ். ‘சாப்பிடுவேன்’ என்பதற்கு அங்கே ‘மாஞ்சரே’ என்ற தனி வடிவம் உண்டு.

1702இல் மறைந்த பிரெஞ்சு இலக்கண அறிஞர் தொமினிக் பூவூர், மரணப் படுக்கையிலும் ‘சாகப் போகிறேன்’ என்பதை ‘வே’ என்றும் சொல்லலாம், ‘வா’ என்றும் சொல்லலாம் என விளக்கினாராம். இன்று ‘வே’ மட்டுமே முறையானது.

பெற்றோர்களே, வேற்றுமொழி கற்கத் தாய்மொழி தடையென்று எண்ணி அதை ஒதுக்கிவிடாதீர்கள். பிள்ளை தடுமாறும் இடத்தில், வீட்டில் பேசும் தமிழையே எடுத்துக் காட்டுங்கள். பாதிப் பாடம் அதற்குள் இருக்கிறது.