மதகடியில் சேரும் மண்



நீரைத் தடுக்க நாம் எழுப்பும் சுவர் மணலையும் சேர்த்தே தடுக்கிறது. ஓடும் நீர் மணலைச் சுமந்து வருகிறது. வேகம் தணிந்த இடத்தில் அதை இறக்கிவிடுகிறது. அவ்வாறு படியும் மண், உறுதியான கட்டடத்தையும் பயனற்றதாக்கிவிடும்.

இதற்குக் கல்லணையே சான்று. கரிகாற் சோழன் கட்டியதாக நாம் போற்றும் அவ்வணை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிலைத்தே நின்றது. ஆயினும் காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டமையால், வெள்ளம் தாழ்ந்த கொள்ளிடத்தையே நாடிற்று; தஞ்சைக் கழனிகள் நீரின்றி வாடின. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மணலைத் தள்ளும் அடிமதகுகள் கல்லணையில் அமைக்கப்பட்டன. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையை எழுப்பி, நீரைக் காவிரிக்குத் திருப்பினார்.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். பழைய குமிழித் தூம்புகளில் நீர் செல்ல நீரோடித் துளையும், அதன்கீழ் சேறு வெளியேறச் சேறோடித் துளையும் இருந்தன. கோடைதோறும் குடிமராமத்தும் நடந்தது.

இன்று நம் ஏரிகளில் நடப்பதென்ன? மதகின் வாயில் சேறு படிந்தால் கதவு முழுதும் இறங்காது. நீர் இரவும் பகலும் கசிந்து வீணாகும். ஏரியின் அடி மேடிட்டால், சிறு மழைக்கே கலிங்கு வழியும். தை மாதத்தில் பயிருக்கு நீர் இராது.

ஆகவே தூர் எடுப்பது இன்றியமையாதது. ஆனால் இரண்டு எல்லைகளை நாம் மீறலாகாது. கரையின் அடியை ஒட்டித் தோண்டினால், நீரை அடைத்து நிற்கும் களிமண் பெயர்ந்து கரையடியில் ஊற்று எடுக்கும், கரையும் சரியும். மதகுப் படியின் மட்டத்திற்குக் கீழே தோண்டினால், அப்பள்ளத்து நீர் வாய்க்காலுக்கு ஏறாது. ஆழப் பள்ளம் பறிப்பது தூர் எடுப்பதாகாது. ஏரியின் உட்பரப்பில் பரவலாக, மட்டம் பார்த்து எடுத்தலே முறை.

வண்டலை வயலுக்குக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல, 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி வழங்குகிறார். எனவே வரும் கோடையில், ஒவ்வொரு மதகின் முன்பும் படிக்கு மேல் எவ்வளவு சேறு நிற்கிறது என்பதைக் கோல் நாட்டி அளந்து, பஞ்சாயத்துப் பதிவேட்டில் எழுதுவோம். தோண்ட வேண்டிய இடத்தையும் தோண்டலாகாத இடத்தையும் முளையடித்துக் காட்டிய பின்னரே மண்வெட்டியை எடுப்போம்.