யாருடைய அளவு?

இரேணிகுண்டாவிலிருந்து காளத்திக்குச் செல்லும் இருப்புப் பாதையில் ஏர்பேடு என்றோர் ஊர் உண்டு. 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற திருப்பதி ஐ.ஐ.டி. இப்பொழுது அங்கேதான் இயங்குகிறது. அதனை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் சிலவும் அங்கே குடியேறியுள்ளன. அவ்வூர் நண்பர் ஒருவர் தம் தந்தையாரின் எம்.ஆர்.ஐ. அறிக்கையை என்னிடம் தந்து, "நீங்கள் மொழிபெயர்ப்பாளராயிற்றே, இதைத் தமிழில் சொல்லுங்கள்" என்றார். எழுபதைக் கடந்த அப்பெரியவருக்குச் சில மாதங்களாக மறதி மிகுந்து வருகிறது. நினைவுக்குரிய மூளைப் பகுதி, அவ்வயதில் எதிர்பார்க்கும் அளவினும் சிறிதாக உள்ளது என்பதே அறிக்கையின் சாரம். தமிழாக்குவது எளிதாகவே இருந்தது. "எதிர்பார்க்கும் அளவு என்பது யாருடைய அளவு?" என்று நண்பர் வினவியபோதுதான் நான் விடையறியாது விழித்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையே இன்று சொல்ல வந்தேன்.

எம்.ஆர்.ஐ. பொறி தலையைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பகுத்துப் படமெடுக்கிறது. மூளைக்குள் மட்டும் அத்தகைய கட்டங்கள் பத்து இலட்சத்துக்கு மேற்படும். அவற்றைக் கண்ணால் பார்த்துக் கணக்கிட எவரால் இயலும்? இதற்கென எழுந்தவையே அமெரிக்காவின் ஃப்ரீசர்ஃபர், ஆக்ஸ்ஃபோர்டின் எஃப்.எஸ்.எல்., இலண்டனின் எஸ்.பி.எம். முதலிய மென்பொருள்கள். இவற்றை ஆராய்ச்சியாளர் விலையின்றிப் பெறலாம். இவை படத்தினின்றும் மண்டையோட்டை நீக்கி, சாம்பல்நிறப் பொருள், வெண்பொருள், நீர் எனப் பிரித்து, அம்மூளையை ஒரு மாதிரி மூளையோடு பொருத்தி, பகுதி பகுதியாக அளக்கின்றன.

அந்த மாதிரி எங்கிருந்து வந்தது? 1988-இல் தலேராக், தூர்னூ என்னும் இருவர் வெளியிட்ட புகழ்பெற்ற மூளை வரைபடம், அறுபது வயது மாது ஒருவரின் மூளையைக் கொண்டே அமைந்தது. ஒரே ஒருவரின் மூளை! பின்னர் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து ஆய்வாளர்கள் 305 பேருடைய படங்களைச் சேர்த்துச் சராசரி கண்டனர். அவ்வழி வந்த மாதிரிகளே உலகெங்கும் பரவின.

2019-இல் ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தாருடன் சேர்ந்து, 100 இந்தியரின் படங்களைக் கொண்டு ஒரு மாதிரியை அமைத்தனர். மேனாட்டாருடையதைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அது சிறிதாக இருந்தது. (இதைக் கேட்டு எவரும் வருந்த வேண்டா, மூளையின் பருமனைக்கொண்டு அறிவை அளக்க முடியாது.) தலையின் பருமனுக்கேற்பக் கணக்கைத் திருத்தும் முறைகளும் உண்டு. ஆயினும் அந்த நூற்றுவரும் இளவயதினர். எழுபது வயதினர்க்கு அவர்தம் வயதினரைக்கொண்டே சராசரி காண வேண்டுமன்றோ?

இவ்வையத்தை நண்பர் மருத்துவரிடமே கேட்டார். அவர் சினம் கொள்ளவில்லை. அந்த எண்ணை மட்டும் கொண்டு நோய் இன்னதென்று துணிவதில்லை என்றும், நினைவாற்றல் சோதனையும் இரத்தப் பரிசோதனையும் வேண்டுமென்றும் விளக்கினார். ஓராண்டு கழித்து, கூடுமானால் அதே பொறியில், மீண்டும் படமெடுத்து இன்றைய படத்தோடு ஒப்பிட்டால், பெரியவரின் மூளையைப் பிறருடையதோடன்றி அவருடையதோடேயே ஒப்பிடலாம் என்றார்.

நண்பர் அந்தக் குறுந்தகட்டை வீட்டுப் பத்திரங்களுடன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதில் இருப்பது தம் தலைதானா என்று பெரியவர் இருமுறை கேட்டார்.